கன்னியம்மாள் பேசிய பதினான்கு நிமிடம்

கிணற்றில் வாளி விழுகிற சத்தம் உனக்குத் தெரியுமா? உன் வயதுக்குத் தெரிய வழியில்லை. முதலில் ராட்டினம் கிறீச்சிடும். பிறகு கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு கணம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் ‘தொபுக்’ என்று வரும். நான் சொல்கிற கிணற்றில் அந்தத் ‘தொபுக்’ வரவில்லை. ராட்டினம் கிறீச்சிட்டது, கயிறு ஓடியது, அப்புறம் வாளி பஞ்சு மூட்டைமேல் விழுந்த மாதிரி அடங்கிப்போனது. நுரை. கிணறு நிறைய நுரை. முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் யாராவது தலையணையைக் கட்டில்மேல் போட்டால்கூட எனக்கு அந்தச் சத்தம்தான்.

போனை இப்படிக் கிட்டே வை. என் குரல் முன்னைப்போல இல்லை. அந்த நாளில் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி உட்கார் என்று சொல்வார்கள்.

உன் ஆராய்ச்சித் தலைப்பைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அரசுத் தொலைக்காட்சியில் அறிவியல், சுற்றுச்சூழல், இசை நிகழ்ச்சிகள். எங்கள் அறைக் கதவுப் பலகையில் இருந்ததும் அதேதான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பிரிவு, ஒரே பீரோ. செவ்வாய்க்கிழமை தவளை, வியாழக்கிழமை ராக்கெட், சனிக்கிழமை தோடி. நான் கடலைப் பார்த்த கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவள். எழுதுவதும் நான், பேசுவதும் நான். நிலையத்தில் வேறு யாருக்கும் சந்திப்பிழை இல்லாமல் எழுத வராது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை அது.

எந்த நிகழ்ச்சி உங்களுக்கு மறக்க முடியாதது என்று கேட்டாயே. அந்தக் கிணற்று நிகழ்ச்சிதான்.

வட ஆற்காட்டில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். தோல் பதனிடும் ஆலைகள் நிறைய உள்ள பக்கம். எண்பத்தாறு, ஆவணி மாதம். ஜீப்பில் நாங்கள் நாலு பேர் போனோம். நான், கேமராமேன், டிரைவர், ஒலிப்பதிவுக்கு ஜெயசீலன். ஜெயசீலன் நாசரேத் பக்கத்துக்காரர். காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றவே மாட்டார். சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் தொங்கும். நான் கேலி செய்வேன், “என்ன சீலன், உங்கள் கல்யாணத்துக்கும் இதோடுதான் போனீர்களா?” என்று. “ஆமா மேடம், ஃபாதர் கேட்டது சரியா விழணும்லா” என்பார்.

அங்கே கன்னியம்மாள் என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மூக்குத்தியில் சிவப்புக் கல். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்று மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றாள். பின்னால் தென்னைகள், உச்சி கருகிப்போய். கேமராமேன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அப்படி ஒரு காட்சி. வாளியை இறக்கினாள், நுரையோடு இழுத்தாள், நுரையை ஒரு கையால் வழித்துத் தரையில் எறிந்தாள். எறிந்துகொண்டே பேசினாள். பதினான்கு நிமிடம். நிறுத்தவே இல்லை. நான் கேள்விகூடக் கேட்கவில்லை.

என்ன பேசினாள் என்றுதானே கேட்கிறாய்? எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

அவள் கணவர் தசரதன் அப்போது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அக்கம்பக்கத்துக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆலையில்தான் கூலி. இவள் ஒருத்திதான் வெளியே வந்து நின்றாள். கிளம்பும்போது கேட்டாள், “இத்தெல்லாம் டிவியில வருமா? நான் சொன்னது அத்தினியும் வருமா?” வரும் என்றேன். “ஒண்ணும் உடாம போடுங்க தாயி. நான் ரெண்டாந் தபா இம்மாம் சொல்ல மாட்டேன்” என்றாள்.

சென்னைக்கு வந்து எடிட்டிங்கில் உட்கார்ந்தோம். அவள் பேச்சு இருக்கிறதே, அது அந்தப் பக்கத்துப் பேச்சு. இன்னா, கீது, வந்துகினு போய்க்கினு. மேலதிகாரிக்குக் கொச்சை ஆகாது. எனக்கும், உன்னிடம் மறைப்பானேன், காதில் கல் விழுந்த மாதிரிதான் இருந்தது. அந்த முகம், அந்த மூக்குத்தி, அந்த வெள்ளை நுரை, இதற்கெல்லாம் ஒரு மொழி வேண்டாமா? படத்தை வைத்துக்கொண்டு அவள் பேச்சை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நான் எழுதி, நானே பேசினேன். அடியில் சியாமளாவின் வீணை. சியாமளா என் கல்லூரித் தோழி. அருமையான விரல்.

எழுதியதில் ஒரு வரிகூட மறக்கவில்லை. கேள். “முன்பு பாதாளத்திலிருந்து வந்த ஒவ்வொரு வாளியிலும் ஒரு வானம் இருந்தது. இன்று இவள் இறைப்பது வானத்தை அல்ல. வெண்மையான ஒரு மௌனத்தை.” இந்த இடத்தில் வீணை ஒரே ஒரு மீட்டு. “இந்த மௌனத்துக்குச் செவி கொடுப்பார் யார்?”

நன்றாக இல்லையா? உனக்கே கண் கலங்குகிறது பார்.

ஜெயசீலன் மட்டும் தலையை ஆட்டினார். “மேடம், ஒரு நாலு நிமிஷம் அந்தம்மாவ அப்படியே விட்டுருங்களேன். தேதியெல்லாம் சொல்லுது.”

“தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது சீலன்? பார்க்கிறவர்கள் மனதில் நிற்க வேண்டியது தேதியா?”

“எந்தக் கொழாய்னுகூடச் சொல்லுது மேடம்.”

“நீங்கள் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“சரி மேடம். உங்க கச்சேரி” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கவாத்தியக்காரர் கோபித்துக்கொண்ட மாதிரி. அன்றைக்கு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒளிபரப்பானது. கடிதமாக வந்து குவிந்தது. திருச்சியிலிருந்து ஒரு தலைமையாசிரியர் என் வரிகளைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் படித்ததாக எழுதினார். அந்தக் கடிதங்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. போகும்போது காட்டுகிறேன். ஒரு கரையான்கூட அண்ட விடவில்லை.

டேப் இல்லை. அதுதான் உன் ஆராய்ச்சிக்குக் கஷ்டம்.

உனக்கு இதை விளக்க வேண்டும். இப்போது போனில் ஆயிரம் படம் வைத்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு டேப் என்பது வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு. எங்கள் பிரிவுக்கு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அதனால் ஒரு வழக்கம். நிகழ்ச்சி ஒளிபரப்பாகிப் பதினைந்து நாளில் ஒரு சீட்டு வரும். ரிலீஸ் சீட்டு என்போம். எந்த டேப்பை அழிக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லைப்ரரியில் ஒரு மின்காந்தப் பெட்டி உண்டு. அதன்மேல் டேப்பை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். உள்ளே இருந்தது குருவியோ கோளோ சங்கராபரணமோ, எல்லாம் போய்விடும். அதன்மேல் அடுத்ததை எடுப்போம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இதில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

அக்டோபரில் நவராத்திரி. சியாமளாவின் வீணையை ஒன்பது நாளும் போடுவதாக முடிவாகியிருந்தது. டேப் பற்றவில்லை. லைப்ரரிக்காரர் என் மேசைக்கு வந்து நின்றார். “மேடம், உங்க பக்கத்துல எதாவது விடுங்களேன். கிணத்து டேப்பு ரெண்டு இருக்குது, ஷூட்டிங் டேப்பும் இருக்குது.” பதினைந்து நாள் ஆகவில்லை. பன்னிரண்டு நாள்தான். ஒளிபரப்பான நிகழ்ச்சிதானே, இனி யார் கேட்கப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டேன். மூன்றையும் விட்டேன். அன்றைக்கு எனக்கு ஜலதோஷம், தலைவலி வேறு.

நவராத்திரி வீணை பிரமாதமாக வந்தது. அதையும் பொங்கலுக்குள் அழித்துவிட்டார்கள். அது வேறு யாரோ போட்ட கையெழுத்து.

தை மாதம் கன்னியம்மாள் இறந்துபோனாள். வயிற்று நோய் என்றார்கள். தண்ணீரால் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு அது உடனே தெரியாது. பங்குனி வாக்கில் நிலையத்து வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார் என்று செக்யூரிட்டி சொன்னான். போய்ப் பார்த்தேன். தசரதன். பெங்களூர் சிமெண்ட் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. ஆலைமேல் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். வக்கீல் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

“எங்கூட்டுக்காரி பேசினது உங்க பொட்டியில கீதாம். எப்போ கொழா பதிச்சாங்கோ, யாரு வந்தாங்கோ, அல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் ஊர்லயே இல்ல. அத்தக் குடுத்தீங்கன்னா கோர்ட்ல போட்டுக் காட்டலாம்ன்றாரு. அப்டியே...” என்று நிறுத்தினார். “அப்டியே அவ கொரலயும் ஒரு தபா கேட்டுக்கலாம்.”

டேப் இல்லை என்று எப்படிச் சொல்வது? நிலையத்தின் விதிமுறைகளை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. “அழிச்சிட்டீங்களா? யாருமா அழிச்சது?” என்றார். நிலையத்து வழக்கம் என்றேன். வெகுநேரம் வாசலிலேயே நின்றார். நான் காபி வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். குடிக்கவில்லை.

ஆனால் விடவில்லை மனிதர். அந்த ஊர் டிவி ரிப்பேர்க் கடைக்காரர் வீடியோ டெக் ஒன்று வாடகைக்கு விடுவதற்காக வாங்கி வைத்திருந்தாராம். நம்ம ஊர் டிவியில் வருகிறது என்று நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்து வைத்திருந்தார். அது தசரதன் கைக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என் நிகழ்ச்சி உலகத்தில் எங்கேயோ ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறதே என்று.

எண்பத்தொன்பதில் எனக்குச் சம்மன் வந்தது. சாட்சி சொல்லப் போனேன். சின்னக் கோர்ட். கடைக்காரரே டிவியையும் டெக்கையும் ஆட்டோவில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிளக் சேரவில்லை, தீக்குச்சியை ஒடித்துச் செருகினார். கூட்டம் நின்று பார்த்தது. படம் ஓடியது. கோடு கோடாக, ஆனாலும் தெரிந்தது. கன்னியம்மாள் நிற்கிறாள். வாளியை இழுக்கிறாள். வாயைத் திறந்து பேசுகிறாள். கையை நீட்டி எதையோ காட்டுகிறாள். விரல் விட்டு எண்ணுகிறாள். அதன்மேல் வீணை. என் குரல்.

“இந்தப் பெண்மணி இங்கே என்ன சொல்கிறார்?” என்று ஆலை வக்கீல் கேட்டார். மரியாதையானவர்.

“கிணறு கெட்டுப்போனதைச் சொல்கிறாள்.”

“எந்தத் தேதியிலிருந்து?”

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன்.

“கையை நீட்டுகிறாரே, எந்தக் குழாயைக் காட்டுகிறார்? அந்தப் பக்கம் மூன்று ஆலை இருக்கிறது.”

நினைத்து நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தி ஞாபகம் வந்தது. நுரையை வழித்த கை ஞாபகம் வந்தது. வக்கீல் காத்திருந்தார்.

“ஞாபகம் இல்லை. அப்படித்தானே அம்மா?”

“அவளுடைய வேதனை ஞாபகம் இருக்கிறது” என்றேன்.

நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தமிழ் ரொம்ப நன்றாக இருக்கிறது. நீங்கள் எழுதியதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஆனால் எனக்கு வேண்டியது அந்த அம்மாள் சொன்னது” என்றார். இரண்டு வரி எழுதிக்கொண்டார். தமிழை ரசித்த நீதிபதி, அதை நான் மறுக்க மாட்டேன். கேள்வியைத்தான் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் தசரதனின் வக்கீல், சின்னப் பையன், வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். “மேடம், அன்னிக்கு உங்ககூட வேற யார் யார் இருந்தாங்க? யாராவது கேட்டிருப்பாங்களே?”

கேமராமேன் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார் என்றேன். டிரைவர் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். வேறு யாரும் இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நீ அப்படி எழுதிவிடாதே. அந்த நேரத்தில் என் மனதில் வேறு ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான்.

தசரதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று கிட்டே போனேன். எழுந்து நின்றார். “எல்லாம் நல்லாத்தாம்மா இருந்திச்சி” என்றார். “அவ வாயி ஆடுது. உங்க பேச்சு கேக்குது.” குறையாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. முகத்தில் கோபமே இல்லை.

போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

நான் அதற்குப் பிறகும் எத்தனையோ நிகழ்ச்சி செய்தேன். வெட்டிவேர் பற்றி, வால் நட்சத்திரம் பற்றி, நாகசுரத்துச் சீவாளி பற்றி. எழுதும்போது பழைய வேகம் வரவில்லை. மேலதிகாரிகள் மாறினார்கள். விளம்பரம் வந்தது. எங்கள் பிரிவையே சமையல் நிகழ்ச்சிக்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள். நாட்டுக்கு அது பெரிய நஷ்டம். உன் ஆராய்ச்சியில் அதை அழுத்தி எழுது.

தொண்ணூற்றெட்டில் ஜெயசீலனுக்குப் பணி ஓய்வு. கான்டீனில் சமோசா, காபி, ஒரு சந்தன மாலை. பிரிவின் சார்பில் நான்தான் பேசினேன். நாலு வரி கவிதை மாதிரி எழுதிக்கொண்டு போயிருந்தேன், சத்தங்களின் காவலர் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். அவரைப் பேசச் சொன்னோம். எழுந்து நின்றார். மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எனக்குப் பேச வராது. முப்பது வருஷம் நான் கேட்டவன்தான். கேட்டதுல ஒண்ணு சொல்லுதேன்” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. நாசரேத்துப் பேச்சு இல்லை. வட ஆற்காடு.

“ஆடிப் பதினெட்டுக்கு மறாநாளு, வெள்ளி மொளைக்கிற நேரம். ஈஸ்வரங்கோயில் பாலத்துக்கு அடியில கொழா பதிச்சாங்கோ. பச்ச கேட்டு போட்டுக்கீற ஆலதான், நடு ஆல இல்ல, ஓரத்து ஆல இல்ல. ஏழு ஆளு. மேஸ்திரி பேரு வேதாசலம், எங்க சின்னம்மா ஊரு. இன்னாயா பண்றீங்கன்னு கேட்டேன், மழத் தண்ணி போவறதுக்குன்னான். மூணாம் நாளு கெணறு பொங்கிச்சி. அஞ்சாம் நாளு செவலப் பசு படுத்துச்சி. எட்டாம் நாளு ஆபீசரு ஒர்த்தரு வந்து பாட்டில்ல மொண்டுகினு போனாரு. நீ குடிக்காதம்மான்னு எங்கிட்ட சொன்னாரு. காயிதத்துல நல்ல தண்ணின்னு எழுதிக்கீறாராம்...”

அப்படியே போனது. நிறுத்தம், மூச்சு, நுரையை எறிந்த இடத்தில் ஒரு ‘ச்சீ’, எல்லாம். பதினான்கு நிமிடமும் இருந்திருக்கும். புதிதாக வந்த பெண்கள் ஏதோ நாடகம் என்று நினைத்து முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சமோசாவைத் தொடவில்லை.

முடிந்ததும் நான் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “சீலன், இவ்வளவும் உங்களுக்குத் தெரியுமென்றால் கோர்ட்டில் வந்து சொல்லியிருக்கலாமே? நான் அங்கே எப்படி நின்றேன் தெரியுமா?”

“கேஸ் நடந்ததே எனக்குத் தெரியாது மேடம். முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போனப்பதான் தசரதன் சொன்னாரு.”

“நிலையத்தில் எல்லோருக்கும் தெரியுமே.”

“எங்கிட்ட யாரும் கேக்கலையே மேடம்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் சமோசாவை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், பேத்திக்கு என்று.

ஒரு வார்த்தை அவராக வந்து சொல்லியிருக்கலாம். ஒரே அறையில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான். எவ்வளவு நாள் இதை நினைத்து அழுதிருக்கிறேன் தெரியுமா? எல்லோருடைய பேச்சையும் கேட்கிற காது இருந்தது அவருக்கு. பேச வேண்டிய இடத்தில் பேசத் தெரியவில்லை.

வருடம் ஒருமுறை அவர் அந்த ஊருக்குப் போவாராம். தசரதன் வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பதினான்கு நிமிடத்தையும் சொல்லிக் காட்டுவாராம். தசரதன் மேலே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் சோறு போடுவார். பல வருடம் நடந்திருக்கிறது. என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

நீ எழுதி முடித்தாயா? தசரதனைப் பற்றிக் கேட்டாய் அல்லவா. தென்னைகளை வெட்டிவிட்டு, அந்த ஒன்றரை ஏக்கரைப் பச்சை கேட் ஆலைக்கே விற்றார். அதே கேட்டில் பதினோரு வருடம் வாட்ச்மேன் வேலை பார்த்தார். இரண்டாயிரத்து ஏழு மார்ச் மாதம் இறந்துபோனார்.